உண்ணி முட்டையைப் புற ஊதாக் கதிர் அழிக்குமா? விளக்கு, வெயில், நிழல் பற்றி ஒரு நீண்ட இழை

ஜூன் 4, மாலை (வாசகர் கேள்வி)

நாய் படுக்கும் அறையில் உண்ணித் தொல்லை. சுவர் இடுக்கில் பழுப்பு நிறத்தில் முட்டைக் குவியலே இருக்கிறது. புற ஊதா விளக்கு ஒன்றை மாட்டி ராத்திரி முழுக்க எரியவிட்டால் முட்டைகள் செத்துவிடும், பெண் உண்ணிகளும் மலடாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். விளக்கெல்லாம் எதற்கு, விரிப்பை வெயிலில் போடு, சூரியனில் இருப்பதும் அதே கதிர்தான் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

ஜூன் 4, இரவு

விளக்கை வாங்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

புற ஊதா என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் மூன்று வகை உண்டு. அலைநீளம் 315 முதல் 400 நானோமீட்டர் வரை யூவி-ஏ. 280 முதல் 315 வரை யூவி-பி. அதற்குக் கீழே 100 வரை யூவி-சி. சூரியனிலிருந்து கிளம்பும் யூவி-சி முழுவதையும் வளிமண்டலம் விழுங்கிவிடுகிறது. யூவி-பியில் பெரும்பகுதியை ஓசோன் தடுத்துவிடுகிறது. தரைக்கு வந்து சேரும் புற ஊதாவில் ஏறத்தாழ 95 சதவீதம் யூவி-ஏதான். கிருமி கொல்லும் விளக்கு என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் 254 நானோமீட்டரில் எரியும் பாதரச விளக்கு, அதாவது யூவி-சி. ஆகவே விளக்கில் வருவதும் வெயிலில் வருவதும் ஒன்றல்ல.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், டி.என்.ஏ. மிக அதிகமாக உறிஞ்சுவது 260 நானோமீட்டரை ஒட்டிய கதிரை. அது பட்டால் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் என்ற இரண்டு அலகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் நகலெடுப்பு தடுமாறும், செல் பிரிவது நிற்கும், செல் சாகும். பாக்டீரியா சாவது இப்படித்தான். யூவி-பியும் இதையே செய்யும், ஆனால் வேகம் குறைவு. யூவி-ஏ நேரடியாக இதைச் செய்வது மிகச் சொற்பம். செல்லுக்குள் ஆக்சிஜன் சார்ந்த நச்சுகளை உண்டாக்கிச் சுற்றுவழியில் கெடுக்கும்.

ஜூன் 5, காலை

பாக்டீரியாவிலிருந்து உண்ணிக்கு வருவோம். இங்கேதான் எல்லாரும் தாவிவிடுகிறார்கள். பாக்டீரியா ஒரு மைக்ரான் அளவு. யூவி-சி உயிருள்ள பொருளுக்குள் போகும் ஆழம் மிகக் குறைவு. மனிதத் தோலிலேயே அதில் பெரும்பகுதி வெளிப்புற இறந்த அடுக்கோடு நின்றுவிடும். வளர்ந்த உண்ணியின் உடம்பைப் போர்த்தியிருப்பது கைட்டினும் புரதமும் இறுகிய கெட்டியான புறத்தோல், அதற்கு மேல் மெழுகுப் பூச்சு. புரதமும் இந்தக் கதிரை நன்றாக உறிஞ்சும்.

பெண் உண்ணி மலடாக வேண்டுமென்றால் கதிர் சூலகத்தைத் தொட வேண்டும். ரத்தம் குடித்து உப்பிய பெண்ணுக்குள் சூலகம் குடலின் மடிப்புகளுக்கு நடுவே இருக்கிறது. குடல் முழுக்க ரத்தம். புறத்தோலைத் தாண்டி, ரத்தத்தைத் தாண்டி அந்தக் கதிர் உள்ளே போக வழியே இல்லை. விளக்கை மிக அருகில் வைத்து நெடுநேரம் காட்டினால் புறத்தோல் செல்கள் வெந்து, உண்ணி பலவீனப்பட்டு முட்டை குறையலாம். அது உடம்பு கெட்டதால் வரும் குறைவு, மலடாக்குவது அல்ல.

ஜூன் 5, பிற்பகல்

"முட்டைக்கு அந்தக் கெட்டித் தோல் கிடையாதே, முட்டையாவது சாகுமல்லவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

மாணவனாக இருந்தபோது உண்ணி வளர்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். உப்பிய பெண் உண்ணிகளைக் கண்ணாடித் தட்டில் ஒட்டுநாடாவின் மேல் மல்லாக்கப் படுக்க வைப்போம். சில நாள் சும்மா கிடக்கும். பிறகு தலைப்பக்கத்திலிருந்து பழுப்பு மணிகளாக முட்டை வந்துகொண்டே இருக்கும். மாட்டு உண்ணி 2,000 முதல் 3,000 வரை இடும். நாய்களில் காணும் பழுப்பு உண்ணி சாதகமான சூழலில் 4,000 வரைகூட இடும். இட்டு முடித்ததும் தாய் சுருங்கிச் செத்துப்போகும்.

என்னை அசத்தியது எண்ணிக்கையல்ல, ஜெனே உறுப்பு. வாய்க்கு மேலே, உள்ளே மடிந்து கிடக்கும் ஒரு சுரப்பிப் பை. ஒவ்வொரு முட்டை வெளியே வரும்போதும் இந்தப் பை பிதுங்கி வந்து, முட்டையைப் பிடித்து, மெழுகு தடவி, அடுத்ததோடு சேர்த்து வைக்கும். அந்த மெழுகு கிடைக்காத முட்டை காய்ந்து குழிந்துவிடும், பொரிக்காது. முட்டைகள் குவியலாக ஒட்டிக்கொண்டிருப்பதும் அதனால்தான்.

இப்போது உங்கள் விளக்கை நினைத்துப் பாருங்கள். மேல் அடுக்கு முட்டைகளில் கதிர் படும், அவற்றில் பல சாகலாம். கீழே இருப்பவை மேல் அடுக்கின் நிழலில் இருக்கின்றன. அந்தக் குவியலோ சுவர் இடுக்குக்குள் இருக்கிறது. புற ஊதாவும் ஒளிதான், நேர்கோட்டில்தான் போகும், மூலை திரும்பி எட்டிப் பார்க்காது. 3,000 முட்டையில் மேலே இருக்கும் சில நூறு போனாலும் மிச்சம் வீடு நிறைய வரும்.

ஜூன் 6

குட்டிக் குறிப்பு. புற ஊதாக் கைவிளக்கை அடித்து நாயின் ரோமத்தில் உண்ணி தேடலாமா என்று ஒருவர் கேட்டார். தேள் அப்படிப் பளிச்சென்று பச்சை நீலமாக ஒளிரும், உண்மை. உண்ணியை நம்பிக்கையோடு கண்டுபிடிக்கும் அளவுக்கு ஒளிர்வு கிடையாது. விரல்தான் சிறந்த கருவி. காதின் உட்புறம், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டை அடி, அக்குள்.

ஜூன் 8

இரண்டு நாளாக இதே யோசனை. மேலே எழுதியதைப் படித்தால், வெயிலின் புற ஊதா உண்ணிக் கூட்டத்தை ஒன்றுமே செய்யாது என்று தோன்றலாம். அவ்வளவு தூரம் போக மாட்டேன். காரணம் உண்ணியின் தூரத்து உறவினரான செஞ்சிலந்திப் பேன். செடியின் இலையில் சாறு உறிஞ்சும், அரை மில்லிமீட்டர் அளவே உள்ள அந்த உயிர்.

ஜப்பானில் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் செஞ்சிலந்திப் பேன் மேல் யூவி-பி படும்போது என்ன ஆகிறது என்று பல ஆண்டுகள் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள். முட்டைகள் பொரிக்காமல் போகின்றன. குஞ்சுகள் தோலுரிக்கும் கட்டத்தில் சாகின்றன. பெண்கள் இடும் முட்டை குறைகிறது. இவை இலையின் அடிப்பக்கத்தில் வாழ்வதற்கு யூவி-பியிலிருந்து தப்புவதும் ஒரு காரணம் என்று அந்த வேலை காட்டியது.

அதில் இரண்டு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒன்று, சாவு விகிதத்தைத் தீர்மானிப்பது மொத்தமாகப் பட்ட அளவு. குறைந்த தீவிரத்தில் நெடுநேரமோ, அதிகத் தீவிரத்தில் கொஞ்ச நேரமோ, கூட்டுத்தொகை ஒன்றானால் சேதமும் ஏறத்தாழ ஒன்று. இரண்டு, சேதத்துக்குப் பிறகு சாதாரண வெளிச்சம் கிடைத்தால் பேன்கள் ஓரளவு பிழைத்துக்கொள்கின்றன. ஃபோட்டோலையேஸ் என்ற நொதி நீல ஒளியையும் யூவி-ஏவையும் சக்தியாகப் பயன்படுத்தி, ஒட்டிக்கொண்ட தைமின்களைப் பிரித்துவிடுகிறது. அதாவது சூரியன் ஒரு பக்கம் அடிக்கிறது, மறுபக்கம் ஆற்றுகிறது. ஸ்ட்ராபெர்ரிப் பசுமைக்குடில்களில் இந்தப் பேனை ஒடுக்க யூவி-பி விளக்கை இரவில் எரியவிடுவது இதனால்தான். இருட்டில் இந்த நொதியின் பழுதுபார்ப்பு நடக்காது. இலையின் அடியிலும் கதிர் படுவதற்குக் கீழே ஒளி திருப்பும் விரிப்பு போடுகிறார்கள்.

உண்ணியில் இதற்கு ஒத்த கட்டம் லார்வா, அதாவது முட்டையிலிருந்து வந்த குஞ்சு. ஆறு கால், மணல் துகள் அளவு, தோல் மெல்லியது. திறந்தவெளியில் புல் நுனியில் உட்கார்ந்திருக்கும் லார்வாவுக்கு யூவி-பி சும்மா போகாது என்றே நினைக்கிறேன். வளர்ந்த பெண்ணை வைத்து எழுதியதை லார்வாவுக்கும் அப்படியே நீட்டிவிடக் கூடாது.

ஜூன் 9, காலை

ஆனால் "வெயிலில் போட்டேன், உண்ணி செத்தது" என்று சொல்பவர்கள் பார்த்தது யூவியின் வேலையா? எனக்கு ஐயம். வெயில் என்றால் வெப்பம், வறட்சி, புற ஊதா மூன்றும் ஒரே நேரத்தில் வருகின்றன. இவற்றைப் பிரிக்காமல் ஒன்றின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஒளி உயிரியலில் இதைப் பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரே வெயிலில் ஒரு தொகுதிக்கு மேல் யூவி-பியை விடும் செல்லுலோஸ் அசிடேட் தாள், இன்னொன்றுக்கு மேல் யூவி-பியைத் தடுக்கும் பாலியஸ்டர் தாள். இரண்டிலும் வெப்பநிலையும் ஈரமும் சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, எதில் எவ்வளவு சாகிறது என்று பார்க்க வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாத எந்தப் பேச்சையும் நான் யூவி பற்றிய சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. மூடிய கண்ணாடிக் குப்பியில் உண்ணியைப் போட்டு வெயிலில் வைத்தால் சாகும், உண்மைதான். சாதாரணக் கண்ணாடி யூவி-பியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அங்கே கொன்றது குப்பிக்குள் ஏறிய சூடு.

வறட்சிதான் உண்ணியின் பரம எதிரி. விலங்கின் மேல் இல்லாத காலமெல்லாம் அது குடிக்காமல் தின்னாமல் காத்திருக்கிறது. தண்ணீருக்கு அதற்கு ஒரு வழி உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து உப்புச் செறிவான திரவத்தை வாய்ப்பகுதியில் கசியவிட்டு, அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்ததும் திரும்ப விழுங்கும். ஆனால் காற்றின் ஈரப்பதம் ஓர் அளவுக்கு மேல் இருந்தால்தான் இது நடக்கும். இனத்துக்கு இனம் அந்த எல்லை மாறும், 75 சதவீதத்திலிருந்து 95 வரை. அதற்குக் கீழே போனால் இழப்பு மட்டும்தான். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் நிம்ஃபுகளில் (லார்வாவுக்கு அடுத்த பருவம்) 82 சதவீதத்துக்குக் கீழே மணிக்கணக்கில் நீடிக்கும் வறட்சி சாவை நன்றாகவே கூட்டுகிறது.

ஆய்வகத்தில் நாங்கள் மிகவும் பயந்ததும் இதற்குத்தான். குப்பிகளை பொட்டாசியம் சல்ஃபேட் நிறைகரைசல் வைத்த மூடிய ஜாடிக்குள் வைப்போம், ஈரப்பதம் 97 சதவீதத்தை ஒட்டி நிற்கும். யாராவது ஜாடி மூடியைச் சரியாகப் போடாமல் போய்விட்டால் மறுநாள் முட்டைகள் குழிந்து கிடக்கும். எந்தக் கதிரும் படாத அலமாரி அது.

ஜூன் 9, இரவு

காலையில் எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். வெயில் கொல்வது நேரடியாக மட்டும் இல்லை. புல் நுனியில் காத்திருக்கும் லார்வா காய ஆரம்பித்ததும் தரைக்கு இறங்கும், ஈரமான சருகுக்குள் புகுந்து நீரேற்றிக்கொள்ளும், மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கத்துக்குச் செலவாவது முட்டையிலிருந்து கொண்டுவந்த கொழுப்பு இருப்பு. அது தீர்ந்தால் மறு நிரப்பு கிடையாது, ஒரு விலங்கு கிடைக்கும் வரை. வெயில் கடுமையான இடத்தில் அடிக்கடி இறங்க வேண்டும், இருப்பு சீக்கிரம் கரையும். உலர்ந்து சாகாத லார்வாவும் பசியில் சாகும். குளிர்ந்த ஈரமான புல்வெளியில் மாட்டு உண்ணி லார்வா மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், சூடும் வறட்சியும் கூடினால் வாரக்கணக்கில் முடிந்துவிடும். கால்நடைகளை ஒரு மேய்ச்சல் நிலத்திலிருந்து சில மாதம் விலக்கி வைக்கும் பழைய முறை இதை நம்பித்தான். அமெரிக்காவில் 1906இல் தொடங்கிய மாட்டுக் காய்ச்சல் உண்ணி ஒழிப்பில், மருந்துத் தொட்டியில் முக்குவதோடு இந்த விலக்கலையும் பயன்படுத்தி, 1943க்குள் டெக்சாஸ் எல்லையோரப் பட்டையைத் தவிர மற்ற இடங்களிலிருந்து அதைத் துரத்திவிட்டார்கள்.

ஜூன் 10

விரிப்பு பற்றி மட்டும். துணி உலர்த்தும் இயந்திரம் இருந்தால் விரிப்பைத் துவைக்காமல், உலர்ந்த நிலையிலேயே அதிக சூட்டில் 10 நிமிடம் சுற்றவிடுங்கள். கருங்கால் உண்ணியில் பார்த்தபோது 6 நிமிடத்திலேயே எல்லாம் செத்திருந்தன. துவைத்து ஈரமாகப் போட்டால் நேரம் பல மடங்கு கூடும். குளிர்ந்த நீரில் துவைப்பதை உண்ணி சட்டை செய்யாது. நீரில் துவைத்தே ஆக வேண்டுமென்றால் 54 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கட்டும். இயந்திரத்துக்குள் ஒரு ஃபோட்டான் புற ஊதாகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இயந்திரம் இல்லை என்றால் வெயில்தான். விரிப்பைக் கறுப்பு பிளாஸ்டிக் பைக்குள் இறுகக் கட்டி உச்சி வெயிலில் வைத்தால், கொடியில் விரிப்பதைவிட நன்றாகச் சூடேறும். பைக்குள் கதிர் போகாது, தேவையும் இல்லை. கொடியில் விரித்தால் உண்ணி மடிப்பின் நிழல் பக்கம் நகர்ந்துவிடும், அல்லது கீழே இறங்கிப் போய்விடும்.

ஜூன் 13

இந்த இழையில் நான் எழுத மிகவும் ஆசைப்பட்ட பகுதி இது. புற ஊதா உண்ணிக்கு உதவி செய்யும் இடங்களும் உண்டு!

மெட்டாரைசியம், பியூவேரியா என்று இரண்டு பூஞ்சைகள். இவற்றின் வித்துகள் உண்ணியின் புறத்தோலில் ஒட்டி, முளைத்து, துளைத்து உள்ளே போய்க் கொன்றுவிடும். ரசாயன மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்ட உண்ணிகளுக்கு மாற்றாக இவற்றைப் பல நாடுகளில் முயன்று வருகிறார்கள். ஆய்வகத்தில் அழகாக வேலை செய்யும். வயலில் தெளித்தால் தடுமாறும். முக்கியக் காரணம் யூவி-பி. வித்து நுண்ணியது, தனி செல், ஒளிந்துகொள்ள இடமில்லை. சில மணி நேர நேரடி வெயிலிலேயே பெரும்பாலான வித்துகள் முளைக்கும் திறனை இழந்துவிடும். எண்ணெயில் கலந்து தெளிப்பது, மாலையில் தெளிப்பது எல்லாம் இதைச் சமாளிக்கத்தான். ஆக, அதே வெயிலில் உண்ணி நிழலுக்குள் போய்ப் பிழைக்கிறது, அதைக் கொல்ல வந்த பூஞ்சை வெளியே நின்று சாகிறது.

மருந்துகளிலும் இதே கதை. சாமந்திக் குடும்பத்துப் பூவிலிருந்து எடுக்கும் இயற்கைப் பைரெத்ரின் பூச்சிகளை உடனே வீழ்த்தும், ஆனால் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். 1973இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டின் குழு பெர்மெத்ரினை உருவாக்கியபோது அது பெரிய செய்தியானது, வெளிச்சத்தைத் தாங்கும் பைரெத்ராய்டு (பைரெத்ரினைப் போலச் செயற்கையாகச் செய்த மருந்து) கிடைத்துவிட்டதே என்பதால்தான். வேம்பிலிருந்து வரும் அசாடிராக்டினும் வெயிலில் நிற்காது. வெளிப்புறத்தில் எதைத் தெளித்தாலும் மாலையில் தெளியுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

(பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைமேல் ஒரு சொட்டும் போடாதீர்கள். பூனையும் நாயும் ஒன்றாகப் படுக்கும் வீடாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.)

ஜூன் 14

"கதிர்வீச்சால் மலடாக்குவது உண்மைதானே, படித்திருக்கிறேனே" என்று எழுதியவருக்கு. படித்தது உண்மை, கதிர்தான் வேறு. 1954இல் கரீபியன் கடலின் குராசோ தீவில், விலங்குகளின் புண்ணில் முட்டையிடும் ஸ்குரூவேர்ம் ஈயை ஒழித்தது காமாக் கதிரால். கூட்டுப்புழுக்களைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, மலட்டு ஈக்களை லட்சக்கணக்கில் பறக்கவிட்டார்கள். காமா உடம்பை ஊடுருவி இனப்பெருக்கச் செல்களைத் தொடும், புற ஊதா தோலோடு நின்றுவிடும். காமா போட்டு ஆண் உண்ணிகளையும் மலடாக்க முடியும். ஆனால் அவற்றைக் கூட்டமாக வெளியே விடுவது என்றால் விலங்குகள் மேல் ஏறிக் கடிக்கும் உண்ணிகளையே விடுகிறோம். அந்த மலட்டு ஈ கடிக்காது. உண்ணியில் இந்த வழி பரவாமல் போனதற்கு அது பெரிய தடை.

ஜூன் 17

விளக்கை வாங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் நிஜமாகவே கவலையாகிவிட்டது.

254 நானோமீட்டர் கதிர் கண்ணின் கருவிழியைச் சுடும். படும்போது வலிக்காது. சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணலைக் கொட்டியது போல எரியும், நீர் வடியும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. நாய்க்கும் இதேதான், ஆனால் அதனால் சொல்ல முடியாது. தோலும் சிவந்து வேகும். சில விளக்குகள் 185 நானோமீட்டரையும் வெளியிட்டு ஓசோனை உண்டாக்கும், அடைத்த அறையில் அது நுரையீரலுக்குக் கேடு. குழந்தையோ நாயோ இருக்கும் அறையில் அதை ஒரு நிமிடம்கூட எரியவிட வேண்டாம். திருப்பிக் கொடுக்க முடியுமென்றால் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஜூன் 18

சரி, அறையை என்ன செய்வது.

பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே வாழ்க்கைச் சுற்றை முழுதாக முடிக்கும் அபூர்வ இனம். உப்பியதும் சுவரில் ஏறி இடுக்கு தேடும். அதனால் தரையோடு நிற்காமல் கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பு, சுவரும் கூரையும் சேரும் மூலை, மின்பெட்டி மூடி ஓரம் எல்லாம் பாருங்கள். தூசி உறிஞ்சியின் மெல்லிய மூக்கால் இடுக்குகளை இழுத்து எடுத்து, பையை உடனே கட்டி வெளியேற்றுங்கள். நீங்கள் பார்த்த முட்டைக் குவியலை அகலமான ஒட்டுநாடாவால் ஒத்தி எடுத்தால் அப்படியே வந்துவிடும். பெருக்கினால் சிதறும். பிறகு இடுக்கைப் பூசி அடைத்துவிடுங்கள். உண்ணிக்கு இருட்டும் ஈரமும் சேர்ந்து கிடைக்கும் இடத்தைப் பறிப்பது எந்தக் கதிரைவிடவும் பலன் தரும்.

நாய்க்குக் கால்நடை மருத்துவர் எழுதித் தரும் உண்ணி மருந்தைத் தவறாமல் கொடுங்கள். அறையில் மிச்சமிருக்கும் லார்வா ஏறும் முக்கிய இரை நாய்தான், ஏறினால் செத்துவிட வேண்டும். முட்டை பொரிக்கச் சூட்டைப் பொறுத்து இரண்டிலிருந்து ஐந்து வாரம் வரை ஆகும். ஒரு வாரம் உண்ணி கண்ணில் படவில்லை என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

ஜூன் 21

தோட்டம் பற்றிய கடைசிக் கேள்விக்கு. ஆமாம், புல்லைக் குட்டையாக வெட்டி, சருகை அள்ளி, தாழ்ந்த கிளைகளைக் கழித்து வெயிலை உள்ளே விடுங்கள். அங்கே வெயில் தரையைச் சூடாக்கும், ஈரத்தை எடுக்கும், லார்வா இறங்கி ஒளியும் சருகு இல்லாமல் போகும், யூவி-பியும் தன் பங்கைச் செய்யும். வெட்டிய சருகை வேலி ஓரமாகக் குவித்து வைக்க வேண்டாம், உண்ணிகள் அங்கே குடியேறிவிடும். நாய் மதியம் படுக்கும் நிழல் எது என்று பார்த்து, அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.